கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு எதற்குப் பெற்றோர் கூட்டம்?

ஒருவர் கேட்டது, ஜூன் 21

என் மகன் காரைக்குடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறான். முதல் வாரமே பெற்றோரும் வர வேண்டும் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இது கல்லூரியா, எல்.கே.ஜி.யா? பதினெட்டு வயதுப் பையனுக்கு அப்பன் போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா? நான் படித்தபோது என் அப்பா கல்லூரி வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பெற்றோரைக் கூப்பிட்டால் பிள்ளை சுயமாக நிற்கப் பழகாது என்பது என் கருத்து. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 21, இரவு

போங்கள். கட்டாயம் போங்கள்.

நான் இதே வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். பதினேழு வருடமாக முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். முதலாண்டு வரவேற்பு, பெற்றோர் கூட்டம் எல்லாம் சில வருடங்களாக என் பொறுப்பு.

உங்கள் அப்பா வாசலைப் பார்க்காமல் இருந்ததற்கும் இன்று நீங்கள் பார்க்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இப்போது எல்லாம் பருவமுறை. ஒரு பாடத்துக்கு உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. ஜூலையில் எழுதுகிற சின்னத் தேர்வும் ஒப்படைக்கிற ஏடும் அந்த 25இல் சேர்கின்றன. பையன் சூழ்நிலையைப் புரிந்துகொள்வதற்குள் முதல் பருவத்தில் பாதி போய்விடும். பருவத் தேர்வு முடிந்து, முடிவு சரியில்லை என்று வீட்டுக்குத் தெரிந்து என்ன பயன்? தொடக்கத்திலேயே வீடும் கல்லூரியும் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தால், நடுவில் ஒரு தடுமாற்றம் வரும்போது பேசுவது சுலபம். ஏதாவது தப்பு நடந்த பிறகுதான் முதல்முறையாகச் சந்திக்கிறோம் என்றால் அது பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும்.

ஜூன் 22

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். வெறும் கையெழுத்துக்குக் கூப்பிடுவதாக நீங்கள் நினைக்கலாம். அதுவும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் வருட ராகிங் தடுப்பு விதிகளின்படி மாணவரும் உறுதிமொழி தர வேண்டும், பெற்றோரும் தர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பையனே ரெண்டு தாளையும் நிரப்பி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று நீட்டிவிடுகிறான். அதனால் நாங்கள் கூட்டத்தில் அதை வரிவரியாகத் தமிழில் வாசிக்கிறோம். உதவி எண் 1800-180-5522. இலவச அழைப்பு, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எல்லோரும் செல்போனில் பதிந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

ஜூன் 29

எங்கள் கூட்டம் இன்று முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வைப்போம். விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வருவார்கள். "நம்ம ஊர்ப் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. புதுவயல் அரிசி ஆலையில் வேலை செய்கிற அப்பாவுக்கும் ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவருக்கும் புதன்கிழமை பதினோரு மணி என்றால் ஒருநாள் கூலி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாற்றியதும் பெஞ்சு போதவில்லை. கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா சிங்கப்பூரில் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. இன்று மூன்றாவது பெஞ்சில் ஓர் அம்மா, காணொளி அழைப்பில் கணவரைப் போட்டு, கூட்டம் முடிகிறவரை செல்போனைக் கரும்பலகைப் பக்கமாகவே பிடித்திருந்தார். கை வலிக்கும்போது மகள் வாங்கிக்கொண்டாள். அங்கே இரவு ஏழரை. கடைசியில் அந்த மனிதர் செல்போனுக்குள் இருந்தே, "சார், உள்மதிப்பீடுன்னு சொன்னீங்கள்ல, அது மறுபடி எழுத முடியுமா?" என்று கேட்டார். அறையில் இருந்த யாருக்கும் தோன்றாத கேள்வி. பெரும்பாலும் முடியாது என்பதுதான் பதில். அதனால்தான் முதல் மாதம் முக்கியம் என்று அதைப் பிடித்துக்கொண்டே அடுத்த கால் மணி நேரம் பேசினேன்.

இன்னொருவர் கொத்தனார். கூட்டம் முழுக்க அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனிக்கவில்லையோ என்று நினைத்தேன். முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அந்த மூலையில ஓதம் இறங்குது சார், மேல தண்ணி போற வழி அடைச்சிருக்கும், பாருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். சருகு அடைத்திருந்தது.

ஜூலை 6

கூட்டத்தில் என்ன கேட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் பணம். அதுதான் நியாயம்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டம், 2022 முதல். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 முதல். பணம் மாணவரின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைக்குக் கணக்கே இருக்காது, அம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் கையோடு கொண்டு வருகிறார்கள். அந்தக் கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்கு. பி.காம்.முக்குக் கிடையாது. இ-சேவை மையத்துக்கு அலைந்து வாங்கி வந்தவரிடம் இதைச் சொல்லும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, அரியர். இந்த வார்த்தையை நாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று வருடம் முன்னால் கல்லல் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "அரியரைக் கட்டி முடிச்சாச்சா சார்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. மகன் "ரெண்டு அரியர் இருக்கு" என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். கட்ட வேண்டிய பாக்கி என்று நினைத்து, காதில் கிடந்ததை அடகு வைத்து 4,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். அவனும் "அது பணம் இல்லம்மா" என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டான். அவர் தலையைச் சாய்த்து என் பதிலுக்குக் காத்திருந்தார். காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

அன்றைக்கு அவனை அவர் முன்னால் திட்டவில்லை. உட்காரவைத்து, தேறாத பாடத்தை அடுத்த தேர்வில் மறுபடி எழுதுவதற்குப் பெயர்தான் அரியர், பாடத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தேர்வுக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். அப்போதிருந்து எங்கள் முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் வார்த்தைகளுக்குத்தான். பருவம், அரியர், உள்மதிப்பீடு, வருகைப் பதிவு, ஹால் டிக்கெட். கல்லூரிக்குப் போகாத வீட்டுக்கு இவை புது ஊரின் பெயர்ப் பலகைகள் மாதிரி. யாராவது ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜூலை 19

தேவகோட்டையில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "பையன்களுக்கு நீங்கள் சொல்வது சரி. பெண்பிள்ளைகளுக்கு வீடு ஏற்கெனவே நாலு பக்கமும் கண் வைத்திருக்கிறது. கல்லூரியும் அந்தக் கண்ணோடு சேர்ந்துகொண்டால் அவள் எங்கே போவாள்?"

இதற்கு அவசரமாகப் பதில் எழுத மாட்டேன். நாளை எழுதுகிறேன்.

ஜூலை 20

சகோதரி கேட்டது என்னிடமே நடந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவி. நன்றாகப் படிக்கிற பிள்ளை. தொடர்ந்து ஆறு நாள் மதிய வகுப்புக்கு வரவில்லை. நான் பட்டியலைப் பார்த்து, நேராக அவள் அப்பாவுக்கு அழைத்தேன். "உங்க பொண்ணு ஒரு வாரமா மத்தியானம் கிளாஸ்ல இல்லைங்க." அவ்வளவுதான் சொன்னேன். கடமையைச் செய்துவிட்டதாக நினைத்து அடுத்த எண்ணுக்குப் போனேன்.

மறுநாள் முதல் அவள் வரவே இல்லை. தோழிகளைக் கேட்டால், வீட்டில் நிறுத்திவிட்டார்கள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றார்கள். மத்தியானம் அவள் எங்கே போனாள் தெரியுமா? பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கணினி மையத்தில் தட்டச்சும் கணக்கு மென்பொருளும் படிக்கப் போயிருக்கிறாள். கட்டணத்தைப் பாட்டியிடம் வாங்கியிருக்கிறாள். அப்பாவுக்குச் சொன்னால் விடமாட்டார் என்று சொல்லவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான்தான் கேட்கவில்லை.

உடன் வேலை செய்கிற அம்மா ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து முகம் கொடுக்காமல் பேசினார். "நீங்கதானே சார் போன் பண்ணினீங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. நான் சொல்ல நினைத்துப் போனதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. தப்பு என்னுடையது, அவளைக் கேட்காமல் உங்களுக்கு அழைத்தது பிழை என்று சொன்னேன். அப்போது உள்ளிருந்து அவள் அப்பத்தா வந்தார். நிலைப்படியில் கையை ஊன்றி நின்றுகொண்டு, "பணம் நான் கொடுத்தேன்டா. அவ படிக்கத்தான் போனா. என்னைக் கேளு" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் இல்லை. பத்து நாள் கழித்து அவள் வந்தாள். படித்து முடித்தாள்.

அன்றிலிருந்து மாணவருக்குச் சொல்லாமல் வீட்டுக்கு அழைப்பதில்லை. "நாளைக்கு உங்க வீட்டுல பேசலாம்னு இருக்கேன்மா. என்ன சொல்லட்டும்?" என்று முதலில் கேட்பேன். பாதிப் பேர் அப்போதே உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள், அழைப்பே தேவைப்படுவதில்லை. அழைத்தாலும் அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேசுகிறேன், ஒலிபெருக்கியைப் போட்டு. யாரோடு பேசுகிறாள், யாரோடு பஸ்ஸில் வருகிறாள் என்று வீட்டில் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "பாடத்தைப் பத்திக் கேளுங்கய்யா, சொல்றேன்" என்பேன். உயிருக்கு ஆபத்து, ராகிங், உடம்பு முடியாமல் போவது, இவற்றில் மட்டும் காத்திருக்க மாட்டேன்.

ஜூலை 20, பின்னிரவு

ஜூன் 21இல் நான் எழுதியதை மறுபடி வாசித்தேன். "வீடும் கல்லூரியும் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தால்" என்று எழுதியிருக்கிறேன். அதில் பிள்ளையைக் காணோம். திருத்திக்கொள்கிறேன்: மூன்று பேரும் ஒரே பெஞ்சில்.

ஜூலை 27

முதல் வாரத்தில் மாணவர்களிடம் ஓர் அரைத்தாள் கொடுக்கிறோம். அதில் ரெண்டே கேள்வி. உன் படிப்பைப் பற்றி வீட்டில் யாரிடம் பேசலாம்? எத்தனை மணிக்கு அழைத்தால் எடுப்பார்கள்?

சேர்க்கைப் படிவத்தில் எல்லாம் அப்பா பெயரும் அப்பா எண்ணும்தான். அரைத்தாளில் வருகிற பதிலே வேறு. அக்கா. அக்கா வீட்டுக்காரர். அத்தை. மாமா. "அம்மாவிடம் பேசலாம், ஆனால் செல்போன் தம்பியிடம் இருக்கும், ஏழு மணிக்கு மேல்." ஒரு பையன் டீக்கடைக்காரர் எண்ணைக் கொடுத்திருந்தான், அவர்தான் பள்ளிக் கட்டணம் கட்டியவர். இன்னொரு பிள்ளை எழுதியது: "சித்தப்பு. அப்பா குடிப்பார்."

பெற்றோர் என்று நாம் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். படிப்புக்குத் துணை நிற்கிற ஆள் ஒவ்வொரு வீட்டிலும் வேறு. அது யார் என்று பிள்ளைக்குத்தான் தெரியும். அந்தத் தாள் அலுவலகக் கோப்புக்குப் போகாது, என் மேஜை டிராயரில்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 10

அமெரிக்காவில் இதெல்லாம் கிடையாது, பதினெட்டு ஆனால் தனிவழிதான் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் அத்தானின் மகள் அங்கே படிக்கிறாள். கேட்டேன்.

அங்கே 1974இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் மதிப்பெண் உள்ளிட்ட பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடம் இருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. மாணவர் எழுதிக் கொடுத்தால் கல்லூரி பெற்றோருக்குச் சொல்லலாம். வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தாலும், உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தமான அவசரம் என்றாலும் விலக்கு உண்டு. இவ்வளவு கட்டு வைத்திருக்கிற ஊரிலேயே அவள் கல்லூரியில் பெற்றோருக்கென்று தனி அறிமுக நாள் நடந்திருக்கிறது. அத்தான் போய் உட்கார்ந்து வந்திருக்கிறார். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், எந்தப் பாடம் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள், சிக்கல் என்றால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பிள்ளைக்கு நினைவூட்டுங்கள், நீங்களே போய் நிற்காதீர்கள் என்று சொன்னார்களாம்.

கடைசியாகச் சொன்னதை இந்த முறை நானும் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் உதவித்தொகைப் படிவத்தை அப்பா நிரப்ப, பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான். "பேனாவை அவன்கிட்ட கொடுங்கண்ணே" என்கிறேன். நம் மானியக் குழுவும் 2019இல் தீக்ஷாரம்ப் என்ற பெயரில் முதலாண்டு அறிமுகத்துக்கு வழிகாட்டி கொடுத்திருக்கிறது. அதை வைத்து நாங்கள் போட்ட கால அட்டவணையில் ஒரு மாலையைத்தான் வீட்டாருக்கு ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த வருடம் ரெண்டாக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

இன்று எழுதுவதற்குக் காரணம் ஒரு சமையல் மாஸ்டர். கல்யாணப் பந்திக்குச் சமைக்கிறவர். காரைக்குடியில் இருந்து மதுரை, திருச்சி வரை போவார். மகன் என் வகுப்பு. ஆவணி பிறந்ததில் இருந்து அவன் வகுப்பில் தூங்குகிறான், அல்லது வருவதில்லை. கேட்டேன். "முகூர்த்தம் சார். முந்தின நாள் ராத்திரியே போயிடணும். காய் நறுக்கி, தேங்காய் துருவி, விடியறப்ப இட்லிக்கு இறக்கணும்." வீட்டில் பேசட்டுமா என்றேன். "பேசுங்க சார், ஆனா அப்பாவைக் கோவிச்சுக்காதீங்க, ஆள் கிடைக்கலை" என்றான்.

மாஸ்டர் நேரிலேயே வந்தார். நான் அறிவுரை சொல்லப்போகிறேன் என்ற முகத்தோடு உட்கார்ந்தார். சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். பருவத்துக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வருகை வேண்டும். ஆக, அதிகபட்சம் 22 நாள் வராமல் இருக்கலாம். அதற்கு மேல் போனால் அபராதம், இன்னும் போனால் தேர்வே எழுத முடியாது.

"இருபத்தி ரெண்டா?" என்றார். முகம் மாறிவிட்டது. அது அவருக்குப் பழகின கணக்கு. ஆயிரம் இலைக்கு எத்தனை படி அரிசி என்று மனத்திலேயே போடுகிறவர். விரலை எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டத் தொடங்கினார். "ஆடியில போகலை. இது வரைக்கும் எத்தனைடா?" பையன் "ஒன்பது" என்றான். "புரட்டாசியில கல்யாணம் இல்லை, அது முழுசும் உனக்கு. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் கணக்குல வராதுல்ல சார்?" வராது என்றேன். "அப்ப ஐப்பசி, கார்த்திகையில வார நாள் எத்தனைன்னு பார்ப்போம்." மூன்று பேரும் குனிந்து எண்ணினோம். பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தவர், உடம்பு முடியாமல் போனால் வேண்டும் என்று அவராகவே ஐந்து நாளைத் தனியாக ஒதுக்கினார். அது எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் எட்டு நாள் மிஞ்சியது. அந்த எட்டில் எவை என்று அப்பனும் மகனும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"இந்தக் கணக்கை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஆள் வச்சிருப்பேன்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூன் கூட்டத்தில் "75 சதவீதம்" என்று நானே சொன்னேன், அவரும் இருந்தார். சதவீதமாகச் சொன்னது காதில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தில் 22 நாள் என்றுதான் சொல்லப்போகிறேன்.

செப்டம்பர் 7

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்காரர் "என் அப்பா கல்லூரி வாசலைக்கூடப் பார்த்ததில்லை" என்று எழுதியது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சீமையில் பிள்ளையை வெளியே அனுப்புவது புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நகரத்தார் கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகுகிற கடைப் பையனாக, சின்ன வயதிலேயே போனார்கள். மூன்று வருடக் கணக்கு; அது முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். நம் பட்டப்படிப்பும் மூன்று வருடம். அந்தப் பையன்களை யாரும் கப்பலேற்றிவிட்டுக் கைகழுவவில்லை. கடையில் மேலாள், அடுத்தாள் என்று தொழில் சொல்லித்தர ஆள் இருந்தது. ஊரில் இருந்து கடிதம் போகும். பக்கத்து வீட்டு ஆச்சி அவர்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். வரவுசெலவு விசாரிப்பு எல்லாம் முடிந்து கடைசி வரியில், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா என்று இருந்தது.

வள்ளல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கியது 1947இல். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இவ்வளவு படிப்பு இருந்தும், மகன் சேருகிற நாளில்தான் ஒரு கல்லூரிக்குள் முதல்முறையாகக் கால் வைக்கிற அப்பாக்களைப் பார்க்கிறேன். செருப்பை வகுப்பு வாசலில் கழற்றிவிட்டு வருகிறார்கள். போட்டுக்கொண்டே வாருங்கள் என்றாலும் கேட்பதில்லை.

அக்டோபர் 12

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கூட்டத்துக்குப் போனாராம். ஆனால் பையன் வீட்டில் வாயே திறப்பதில்லை, "என்ன மார்க்?" என்றால் "வரும்" என்கிறானாம்.

மார்க்கை விடுங்கள். எந்த வாத்தியார் நன்றாக நடத்துகிறார் என்று கேளுங்கள். யாரோடு சாப்பிடுகிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் எத்தனை நாள் மிச்சம் என்று வேண்டுமானால் சேர்ந்து எண்ணுங்கள். உங்கள் கடையின் பில்லைக் கொண்டுவந்து, "இதில் வரி எப்படிப் போட்டிருக்கிறான், பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். பி.காம். படிக்கிற பிள்ளைக்கு அப்பா கேட்கக்கூடிய கேள்வி அது. அவன் சொல்வது தப்பாக இருந்தால் மறுநாள் எங்களைக் கேட்பான்.

அக்டோபர் 13

கடை என்று நானாக எழுதிவிட்டேன், அவர் பள்ளிக்கூட அலுவலராம். சரி, சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். அதிலும் பிடித்தம் நிறைய இருக்கும்.

ஜனவரி 18

பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாக இங்கே வருகிறேன். முதல் பருவ முடிவு வந்துவிட்டது.

இன்று காலை மாஸ்டர் அழைத்தார். திருமயம் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம். மகன் பக்கத்தில் இல்லை, ஆனால் அவனைக் கேட்டுவிட்டுத்தான் அழைக்கிறேன் என்று முதலில் சொன்னார். இப்படி ஒரு விதி இருப்பதாக நான் அவரிடம் சொன்னதே இல்லை. பையன் சொல்லியிருப்பான் போல.

"எல்லாம் தேறிட்டான் சார், ஒண்ணு மட்டும் போச்சு. புள்ளியியல். அது அரியர்தானே, ஏப்ரல்ல எழுதிக்கலாம்ல?"

எழுதிக்கலாம் என்றேன்.

"இருபத்திரெண்டு இப்பப் புதுசா ஆரம்பிக்கும்ல?"

ஆரம்பிக்கும் என்றேன். தையில் வார நாள் முகூர்த்தத்துக்கு வேறொரு பையனைச் சேர்த்துவிட்டாராம். மகன் ஞாயிறு மட்டும் வருகிறான்; மளிகைக் கணக்கை அவனிடம் விட்டிருக்கிறார். அப்புறம், அரியருக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டார். அறிவிப்பு இன்னும் வரவில்லை, வந்ததும் பையனிடம் சொல்கிறேன் என்றேன்.

"அவன்கிட்டயே சொல்லுங்க சார். அவனே கட்டிக்கிடட்டும்" என்று வைத்துவிட்டார்.